மீகாத்தை அறியாத வழிகாட்டி

வழி தெரியாதவன் வழி தெரிந்தவனைக் கேட்டு நடப்பது மனித குலத்தின் தொன்மையான வழக்கம். தேநீர்க் கடை வாசலிலும், பள்ளிவாசல் திண்ணையிலும், ஊர் எல்லை மரத்தடியிலும் கேட்பவனும் சொல்பவனும் சந்தித்தனர். கேட்பவன் ஸலாம் உரைத்துக் கேட்டான். சொல்பவன் கையை நீட்டிக் காட்டினான். சில வேளை சிறிது தொலைவு கூடவே நடந்தும் வந்தான். அவன் தவறாகச் சொல்லிவிட்டாலும், ‘பாவம், அவனுக்கும் தெரியவில்லை’ என்று மன்னித்து, அடுத்த மனிதனைக் கேட்டுப் போனார்கள்.

இந்த வழக்கத்தை மாற்றியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. 1998-ஆம் ஆண்டில் கார்மின் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் பைலட்’ என்னும் கருவியை வெளியிட்டது. 2004-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டாம்டாம் நிறுவனம் ‘கோ’ என்னும் கருவியை வெளியிட்டது. அவற்றைத் தொடர்ந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் இலட்சக்கணக்கான கார்களின் முன்கண்ணாடியில் இவ்வகைக் கருவி ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொண்டு அமர்ந்தது. போக வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால், ‘இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்புக’ என்று அது வாய்விட்டுச் சொல்லும். பின்னர் 2009-ஆம் ஆண்டின் இறுதியில் இதே வசதி கைபேசியில் இலவசமாகவே வரத் தொடங்கியதும், தனிக் கருவியின் விற்பனை சரிந்தது. எனினும் பெட்டி மாறிற்றே தவிர, அந்தக் குரல் மாறவில்லை. இன்று அக்குரலைக் கேளாமல் கார் ஓட்டுவோர் அரிதாகி வருகின்றனர்.

ஆகவே ஒரு பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டி சொன்ன வழியே சென்று ஒருவன் தவறிவிட்டால், அந்தத் தவறு யாருடையது?

முதலில் அக்கருவியின் நன்மையைச் சொல்லிவிடுவதே நீதி. அயல்நாட்டில் மொழி தெரியாமல் நள்ளிரவில் தனித்துக் கார் ஓட்டும் ஒரு பெண்மணிக்கு, முன்பின் அறியாதவரிடம் வழி கேட்க வேண்டிய அச்சத்தை அது போக்கியது. நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கு அது நிமிடங்களைச் சேமித்துக் கொடுத்தது. வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, ‘நீங்கள் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்’, ‘நீங்கள் கேட்டு ஓட்டியிருக்க வேண்டும்’ என்று வழியெல்லாம் சச்சரவிட்ட கணவன் மனைவியர் பலரிடையே அது சமாதானம் செய்து வைத்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

குறைகளும் இல்லாமல் இல்லை. கோடை வெயிலில் ரப்பர் கிண்ணம் பிடி தளர்ந்து கருவி மடியில் வந்து விழும். நண்பகலில் திரை வெளுத்து எழுத்துத் தெரியாது. சுரங்கப் பாதையிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அது திகைத்து நின்றுவிடும். அரபுப் பெயர்களை ஆங்கில உச்சரிப்பில் கூறி ஊரையே அடையாளம் தெரியாமல் செய்துவிடும். புதிய சாலைகள் அதில் இடம்பெற வேண்டுமாயின் புதிய வரைபடத்தைப் பல வேளைகளில் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் அநேகர். கருவியைக் கழற்றி வைத்தாலும் கண்ணாடியில் படியும் வட்டத் தடம், இங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று திருடனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். இவையெல்லாம் கருவியைப் பற்றிய குறைகள். நாம் பேச எடுத்துக்கொண்டதோ, கருவியை வைத்திருப்பவனிடம் நேரும் குறை. அதனை நாம் கண்ணெதிரே கண்டோம். அதில் நமக்கும் பங்குண்டு என்பதால் இங்கே சொல்லத் துணிகிறோம்.

2009-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நாம் ரியாத் சென்றிருந்தோம். அங்கே பணியாற்றிய நம் சகோதரியின் மகன் அத்தகைய கருவி ஒன்றை வாங்கிக் காரில் பொருத்தியிருந்தான். அவனுடைய தந்தையாரும், அதாவது நம் மச்சானும், அப்போது அவனுடன் தங்கியிருந்தார். அவர் 1980-களில் தம்மாமிலிருந்து ஜித்தாவுக்குச் சரக்கு லாரி ஓட்டியவர். அந்தப் பாலைச் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவருக்குப் பாடம். மூவருமாக உம்ராவுக்குப் புறப்பட்டோம். அந்நாளில் சவூதியில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியும் ஆதலால், புதன் மாலை அஸ்ர் தொழுகைக்குப் பின் கிளம்பினோம். மருமகன் முன்பு இருமுறை விமானத்தில் சென்று உம்ரா செய்தவன். சாலை வழிப் பயணம் அவனுக்கு அதுவே முதல் முறை.

நகரைக் கடப்பதற்குள்ளாகவே கருவிக்கும் மச்சானுக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. ‘இடப்புறம் திரும்புக’ என்றது கருவி. அங்கே திருப்பம் இல்லை. புதிதாய் எழும்பிய சுவர்தான் இருந்தது. “நேரே போ மகனே, அடுத்த பாலத்தில் ஏறிக்கொள்ளலாம்” என்றார் மச்சான். மருமகனோ, “வாப்பா, நீங்கள் லாரி ஓட்டிய காலத்துச் சாலையா இது? இதற்கு எல்லாம் தெரியும். நீங்கள் பேசாமல் ஓதிக்கொண்டு வாருங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மரியாதை அறியாத பிள்ளை அல்லன். புதுப் பொருள் வாங்கிய மகிழ்ச்சியில் சொல்லிவிட்டான். நாமும் உடன் சிரித்தோம். மச்சான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தஸ்பீஹை உருட்டத் தொடங்கினார். அதன் பிறகு ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் அவர் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரியாத்திலிருந்து தாயிஃப் வழியாக மக்கா செல்வோருக்கு மீகாத், ‘கர்னுல் மனாஸில்’. இந்நாளில் அதனை அஸ்ஸைலுல் கபீர் என்று அழைக்கின்றனர். அங்கிருந்து மக்கா ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். உம்ராவுக்குச் செல்பவன் அவ்வெல்லையை இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். மருமகனும் அறிவான்; இஹ்ராம் துணிகள் காரின் பின்புறத்தில் மடித்து வைக்கப்பட்டே இருந்தன. ஆனால் கருவியில் அவன் குறித்திருந்தது மக்காவில் நாம் தங்கவிருந்த விடுதியை. நள்ளிரவு கடந்துவிட்டது. நாம் முன்னிருக்கையில் அரைத் தூக்கத்தில் இருந்தோம். ‘நேரே செல்க’ என்று கருவி சொல்லியது. அவன் நேரே சென்றான். இடையில் ஓர் ஊரின் விளக்குகள் வந்து போயின.

சிறிது நேரம் கழித்துப் பின்னிருக்கையிலிருந்து மெல்லிய குரல் எழுந்தது: “மகனே, மீகாத் பின்னால் போய்விட்டது.”

கார் ஓரமாக நின்றது. எவரும் பேசவில்லை. கருவி மட்டும் தயங்காமல், ‘நேரே செல்க’ என்றது.

அடுத்த திருப்பத்தில் வளைந்து வந்த வழியே திரும்பினோம். அதன் பிறகு நடந்ததுதான் நம் நெஞ்சை விட்டு இன்னும் அகலாமல் இருக்கிறது. மீகாத்தை நோக்கி நாம் திரும்பிய அந்தச் சில கிலோமீட்டர் தூரமும், ‘திரும்புக, திரும்புக’ என்று அக்கருவி விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது. நாம் செய்த தவற்றின்போது அமைதியாக இருந்த கருவி, நாம் அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும்போது, ‘தவறு செய்கிறாய்’ என்றது! அது பொய் சொல்லவில்லை. மக்காவுக்குக் குறுகிய வழி எதுவோ அதைத்தான் சொல்லிற்று. ஆனால் மக்காவுக்குச் செல்லும் வழியில் மீகாத் என்று ஒன்று உண்டு என்பது அதற்குத் தெரியாது.

இஹ்ராம் கட்டித் தொழுது முடித்தபின், மருமகன் தன் தந்தையின் கையைப் பற்றி, “வாப்பா, முன்பே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டான். அவர் சொன்னார்: “விளக்குகளைக் கண்டபோதே சொல்ல நா எழுந்தது. பேசாமல் வரச் சொன்னானே, பேசாமலே வருவோம் என்று ரோசம் தடுத்துவிட்டது. இஹ்ராமுக்குப் போகிற மனிதனுக்கு ரோசம் எதற்கு? இந்தக் குற்றத்தில் எனக்கும் பாதி உண்டு.”

அவர் பாதி என்றார். மகன் தன்மீதே முழுவதையும் ஏற்றிக்கொண்டான். நாமோ, வழி தெரிந்த ஒரு பெரியவர் வாயடைக்கப்படுவதை அருகிருந்து கண்டும் சிரித்தவர்கள். நம் பங்கு என்ன என்று அன்று எவரும் கேட்கவில்லை. நாம் மட்டும் நம்மையே கேட்டுக்கொண்டோம்.

அந்தப் பயணத்திற்குப் பின்னரே அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ள முற்பட்டோம். வானத்திலிருந்து யாரோ நம் காரைப் பார்த்து வழி சொல்வதாகவே பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1978-ஆம் ஆண்டில் முதல் செயற்கைக்கோளை ஏவித் தொடங்கிய அமைப்பு இது. 1995-இல் முழுமை பெற்றது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்றிவரும்படி அமைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. கீழே உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, அவை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அது மேலே எதையும் அனுப்புவதில்லை. கேட்பது ஒன்றே அதன் தொழில்.

அந்தக் கணக்கின் நுட்பம் வியப்புக்குரியது. செயற்கைக்கோளின் கடிகாரம் பூமியிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு, ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 38 கூறு, விரைவாக ஓடிவிடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி அதைத் திருத்தாமல் விட்டால், இடக் கணக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பிழைபட்டுப் போகும். அதையும் திருத்தி வைத்திருக்கின்றனர். பொதுமக்களுக்குக் கிடைக்கும் அறிவிப்பில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அதற்கு முன்பு நூறு மீட்டர் வரை தவறக்கூடியதாய் இருந்த கணிப்பு, அதன்பின் சில மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. கார்க் கருவி இல்லந்தோறும் புகுந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். செயற்கைக்கோள் சொல்வது, ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்பதற்கு உரிய கணக்கை மட்டுமே. எந்தச் சாலை எங்கே செல்கிறது, எந்தப் பாலம் நிற்கிறது, எந்தப் பாலம் இடிந்தது என்பவை வானத்திலிருந்து வருவன அல்ல. அவை வரைபடத்தில் உள்ளவை. வரைபடமோ மனிதர் தொகுத்தது. தொகுத்த நாள்முதல் பழையதாகிக்கொண்டே வருவது. மூன்றாவது, போக வேண்டிய இடம். அதைக் குறிப்பவன் காரை ஓட்டுபவன். ஆக, முதலாவது ஏறத்தாழப் பிழையற்றது. இரண்டாவது பிழைபடக் கூடியது. மூன்றாவது முழுக்க முழுக்க நம்முடையது. மூன்றையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு அக்கருவி பேசுகிறது. முதலாவதன் உறுதியை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஏற்றி நாம் நம்பிவிடுகிறோம். மயக்கம் பிறக்கும் இடம் இதுவே.

உலகெங்கும் நிகழ்ந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இம்மயக்கம் விளங்கும். 2009-இல் ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர் இத்தாலியில் காப்ரி என்னும் தீவுக்குச் செல்ல விரும்பி, எழுத்து மாறிக் கார்ப்பி என்று குறித்துவிட்டனர். அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அந்தத் தொழில் நகரத்தில் போய் நின்று, தீவின் புகழ்பெற்ற நீலக் குகை எங்கே என்று விசாரித்தனர். தீவுக்குச் செல்பவர்கள் எந்த இடத்திலும் கடலைக் கடக்கவில்லையே என்று எண்ணவில்லை! 2012-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள், எதிரே இருப்பது கடல் என்பதைக் கண்டும், கருவி சாலை உண்டு என்றதால் சேற்றில் காரை இறக்கினர்; அலை ஏறியதும் காரை விட்டுவிட்டுக் கரையேறினர். 2013-இல் பெல்ஜியத்தில் ஒருவர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலிருந்த பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டுக் குரோஷியாவின் ஸாக்ரெப் வரை சென்றுவிட்டார். வழியிலுள்ள பலகைகள் மொழி மாறிக்கொண்டே வந்தன, அவர் திரும்பவில்லை.

இவை சிரிக்கத் தக்கவை. சிரிக்க முடியாதவையும் உண்டு. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் பாலையில், 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கருவியை நம்பிச் சென்ற ஒரு தாயின் கார் ஆளரவமற்ற தடத்தில் மணலில் புதைந்தது. ஐந்து நாட்களுக்குப் பிறகு தாய் உயிருடன் மீட்கப்பட்டார். அவருடைய சிறு வயது மகன் இறந்துவிட்டிருந்தான். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றின் மேலிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டனர். வெள்ளம் அப்பாலத்தின் ஒரு பகுதியை முன்பே அடித்துச் சென்றிருந்தது. வழி சொன்ன செயலியில் அம்மாற்றம் ஏறியிருக்கவில்லை. சாலையில் தக்க தடுப்பும் இல்லை என்று செய்திகள் கூறின.

இந்த இறுதி நிகழ்ச்சியைக் கொண்டு பார்த்தால், எல்லாப் பழியையும் ஓட்டியவன் தலையிலே சுமத்திவிடுவது அநீதி என்பது தெளிவாகும். வரைபடம் தருபவனுக்கு அதைப் புதுப்பிக்கும் கடமை உண்டு. சாலையைக் காப்பவனுக்கு இடிந்த பாலத்தின் முன்னே தடுப்பு வைக்கும் கடமை உண்டு. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவை குறித்து விசாரிக்கப்படுவர் என்பதன்றோ அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை? பொறுப்பு என்பது பங்கிட்டால் குறைந்துபோகும் பணமன்று. சொன்னவனுக்கு முழுப் பொறுப்பு; கேட்டவனுக்கும் முழுப் பொறுப்பு. மீகாத்தைக் கடந்த அந்த இரவில் தந்தை பாதி என்றதும், மகன் முழுவதும் என்றதும், கணக்குக்கு ஒவ்வாதவை போலத் தோன்றலாம், அறத்துக்கு ஒத்தவை.

அவ்வாறாயின் வழிகாட்டியை நம்பவே கூடாதா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. நம் வரலாற்றின் தலையாய பயணமே ஒரு வழிகாட்டியைக் கொண்டு நிகழ்ந்தது. கி.பி. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினர். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். ஆனால் பாலை வழிகளில் தேர்ந்தவர். வாக்குத் தவறாதவர் என அறியப்பட்டவர். தம் இரு ஒட்டகங்களையும் அவர் வசம் ஒப்படைத்தனர். சவ்ர் குகையில் மூன்று இரவுகள் கழிந்தபின் அவர் சொன்னபடி வந்தார். வழக்கமான பாதையை விட்டுக் கடற்கரைப் பக்கமாக அழைத்துச் சென்றார். நூறு ஒட்டகம் பரிசு என்று எதிரிகள் அறிவித்திருந்த நேரத்தில் அவர் அந்த அமானிதத்தைக் காத்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. திறமை எங்கே இருந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒன்று. அத்திறமையை எதற்காகப் பயன்படுத்துகிறோமோ, அதற்குள் மட்டுமே அதை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. இப்னு உரைக்கித் மதீனாவுக்கு வழி காட்டினார். மதீனாவுக்குச் செல்வதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அப்பயணத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களை அறிந்த சிலர், உடன் வருபவர் யார் என்று வினவியபோது, அவர் தமக்கு வழி காட்டுபவர் என்று விடையளித்தார்கள் என்பது வரலாறு. கேட்டவர்கள் பாலை வழி என்று எண்ணிக்கொண்டனர். அவர்களோ நன்மையின் வழியைக் கருதினார்கள். ஒரே பயணத்தில் இரண்டு வழிகாட்டிகள்! ஒருவர் பாதையைக் காட்டினார்; மற்றவர் பாதை எதற்கு என்பதைக் காட்டினார். ஒருவருடைய இடத்தில் மற்றவரை வைக்க அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாமோ முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெட்டியை இரண்டாவது இடத்திலும் ஏற்றி வைத்துவிடுகிறோம்.

கடலோடிகளான நம் முன்னோர் இந்த நுட்பத்தை அறிந்தே இருந்தனர். காயலிலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய மரபினர் நம்மிடையே உண்டு. ‘மாலுமி’ என்று நாம் வழங்கும் சொல், ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. முஅல்லிம் என்றால் ஆசிரியர். இந்துமாக் கடலில் கப்பலுக்கு வழி காட்டியவனை ஆசிரியன் என்றே அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் என்னும் அரபு மாலுமி, விண்மீன்களின் உயரத்தை விரற்கடையால் அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் காணும் முறையைத் தம் நூலில் விரிவாக எழுதினார். அதோடு அவர் நிற்கவில்லை. கரை நெருங்குவதை உணர்த்தும் பறவைகள், கடற்பாசி, நீரின் நிறம் ஆகிய அடையாளங்களையும், மாலுமியிடம் இருக்க வேண்டிய விழிப்பையும் சேர்த்தே எழுதினார். விண்மீன் பொய் சொல்லாது. ஆயினும் விண்மீனைப் பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டு பாறையில் மோதினால், குற்றம் விண்மீனுடையதன்று. இன்று நம் விண்மீன்கள் செயற்கையானவை. கண்ணோ அதே கண்.

அந்தக் கண்ணும் நினைவும் பழக்கத்தால் வளர்பவை. பழக்கம் விட்டால் சோம்புபவை. இலண்டனில் வாடகைக் கார் ஓட்ட உரிமம் பெற விரும்புபவர், நகரின் நடுவிலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வோட்டுநர்களின் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வழியைத் தாமே தேடுபவர்களின் மூளையில் புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் எழும் சுறுசுறுப்பு, கருவி சொல்வதைப் பின்பற்றுபவர்களிடம் எழவில்லை என்று காட்டிற்று. நாம் இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டது மூளையை மட்டுமன்று. பின்னிருக்கையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரையும் நினைத்துக்கொண்டோம். நம் குடும்பத்தில் இருந்த அறிவு ஒன்று, கேட்பாரற்றதால், எண்ணூறு கிலோமீட்டர் உறங்கியே வந்தது.

இது காருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இறைவன் அருளிய மறை பிழையற்றது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பற்றி நாம் கையில் வைத்திருக்கும் விளக்கமும், நம் ஊர் வழக்கமும், நாம் நம்பும் ஒருவரின் சொல்லும் மனிதர் தொகுத்த வரைபடங்களே. மறையின் உறுதியை அவ்வரைபடங்களின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஏற்றிவிட்டு, ‘எனக்கு எல்லாம் தெரியும், நீ பேசாமல் வா’ என்று பிறர் வாயை அடைப்போர் நம்மிடையே எத்தனை பேர்! அருகிருந்து சிரிப்போர் எத்தனை பேர்! அறிந்திருந்தும் ரோசத்தால் வாய்மூடி இருப்போர் எத்தனை பேர்! மீகாத் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது.

அக்கருவியிடம் நாம் வியந்து போற்றும் பண்பு ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவர்களாவோம். வழி தவறியவனை அது ஏசுவதில்லை. ‘எத்தனை முறை சொன்னேன்’ என்று குத்திக்காட்டுவதில்லை. நீ எங்கே நிற்கிறாயோ, அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் புதிய வழியைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. பிழை செய்த பிள்ளையிடமும், தடம் மாறிய சகோதரனிடமும் நாம் இவ்வாறு நடந்துகொள்கிறோமா? நின்ற இடத்திலிருந்து திரும்பலாம் என்பதன்றோ தவ்பாவின் பொருள்? ஆயினும் இதிலும் ஒரு வேற்றுமை இருக்கிறது. கருவி, ‘எங்கே’ என்று மட்டும் கேட்கும். ‘எதற்காக’ என்று கேட்காது. பள்ளிவாசலுக்கும் அது வழி சொல்லும். சூதாட்ட விடுதிக்கும் அதே இனிய குரலில் வழி சொல்லும். நிய்யத்து அதன் கணக்கில் இல்லை. நிய்யத்து ஓட்டுபவன் நெஞ்சில் இருக்க வேண்டியது.

ஆகவே நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு நமக்குத் தோன்றும் விடை இதுவே. வழியைப் பிறரிடம் கேட்டுக்கொள்ளலாம், கேட்பதில் இழிவில்லை. கேட்கப்படுபவர் மனிதராயினும் கருவியாயினும் அவர் அறிந்ததற்கு மேல் அவரை நம்பலாகாது. கண்ணையும் நிய்யத்தையும் பொறுப்பையும் எவரிடமும் ஒப்படைத்துவிட முடியாது. மறுமையில் விசாரணை நடக்கும்போது, ‘அது சொல்லிற்று, நான் சென்றேன்’ என்பது விடையாகாது.

மச்சான் சில ஆண்டுகளுக்கு முன் இறையடி சேர்ந்தார். மருமகன் இன்றும் சவூதியில்தான் இருக்கிறான். பழைய கருவி போய்க் கைபேசி வந்துவிட்டது. உம்ராவுக்குப் புறப்படும்போது இப்போது அவன் மக்காவைக் குறிப்பதில்லை. முதலில் மீகாத்தைக் குறிக்கிறான். அங்கே இறங்கி இஹ்ராம் கட்டித் தந்தைக்காக துஆச் செய்த பிறகே மக்காவைக் குறிக்கிறான். அவனுடைய பிள்ளைகள் பின்னிருக்கையிலிருந்து எதைச் சொன்னாலும் காரை மெதுவாக்கிக் கேட்டுக்கொள்வதாக நம்மிடம் சொன்னான்.

நேர்வழியை நாள்தோறும் ஐவேளையும் நாம் வேண்டி நிற்கிறோம். அவ்வழியில் திறந்த கண்ணோடும், கேட்கும் செவியோடும், தெரிந்ததைச் சொல்லும் நாவோடும் நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.